கேம் ஐடி வாங்கலாமா, விற்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்போன் பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். திரை உடைந்தது, பேட்டரி உப்பியது என்று வருபவர்களுக்கு நடுவே, "அண்ணா, என் ஐடி போய்விட்டது, எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்டு வரும் பையன்கள் இப்போது ஒரு தனி வரிசை. ஃப்ரீ ஃபயர், பிஜிஎம்ஐ (பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பு), கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் போன்ற விளையாட்டுகளின் கணக்கைத்தான் ஐடி என்கிறார்கள். பாதிப் பேர் காசு கொடுத்து வாங்கி இழந்தவர்கள். மீதிப் பேரில் பலர் விற்றுவிட்டு மாட்டிக்கொண்டவர்கள். அவர்கள் கேட்பவையும், சில நாள் கழித்து அவர்களுடைய பெற்றோர் வந்து கேட்பவையும் இங்கே உள்ளன.

ஐடி வாங்கும்போது உண்மையில் எதை வாங்குகிறோம்?

ஒரு ஜிமெயில் அல்லது ஃபேஸ்புக் கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் வாங்குகிறீர்கள். அவ்வளவுதான். துப்பாக்கிக்குப் போடும் அலங்காரத் தோற்றமான ஸ்கின், உடைகள், ரேங்க், ராயல் பாஸ் பரிசுகள் எல்லாம் நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. எந்த லாகின் வழியாக ஒருவர் உள்ளே வருகிறார் என்பதை மட்டுமே அந்த சர்வர் பார்க்கும். விற்பனையில் கை மாறுவது அந்த லாகின்தான். பழைய உரிமையாளர் பெயரை அடித்துப் புதியவர் பெயரை எழுதும் பதிவேடு எதுவும் இந்த விளையாட்டு நிறுவனங்களில் இல்லை. ஆகவே இந்த வியாபாரம் எந்த நாளிலும் முடிவதில்லை. வாங்கியவரும் விற்றவரும் ஒருவர் பிடியில் ஒருவர் இருந்துகொண்டே இருப்பார்கள். கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கிருந்து கிளம்புபவைதான்.

இருபதாயிரம் ரூபாய் போட்டு வளர்த்த ஐடி. அது என் சொத்து இல்லையா?

இல்லை. ஃப்ரீ ஃபயரை நடத்தும் கரீனா, பிஜிஎம்ஐயை நடத்தும் கிராஃப்டன், கிளாஷ் ஆஃப் கிளான்ஸை உருவாக்கிய ஃபின்லாந்தின் சூப்பர்செல் ஆகிய மூன்றுமே தங்கள் விதிமுறைகளில் ஒன்றையே சொல்கின்றன. கணக்கு நிறுவனத்துடையது, உங்களுக்குக் கிடைத்திருப்பது பயன்படுத்தும் அனுமதி, அந்த அனுமதியை விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ கூடாது. கூட்டமான பேருந்தில் துண்டு போட்டுப் பிடித்த இருக்கையில் நீங்கள் உட்கார்ந்து போகலாம். அதை இன்னொருவருக்கு விற்றுவிட்டு இறங்கினால், நடத்துநர் வந்து கேட்கும்போது வாங்கியவர் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

ஸ்கின்னுக்குச் செலவழித்த பணமும் சொத்தில் போட்ட முதலீடு அல்ல. திரைப்பட டிக்கெட்டுக்குக் கொடுத்த காசின் கணக்கில்தான் அது சேரும். இதைச் சொன்னால் பையன்களின் முகம் வாடிவிடுகிறது. ஆனால் "அக்செப்ட்" பொத்தானை அழுத்திய அன்றைக்கே இதற்கு அவர்கள் சம்மதித்துவிட்டார்கள்.

ஐடி விற்பது சட்டப்படி குற்றமா?

நிறுவனத்தின் விதியை மீறுவது வேறு, குற்றம் செய்வது வேறு. தன் விளையாட்டுக் கணக்கை விற்றதற்காக மட்டும் ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்களைத் தடை செய்தது. கணக்கு விற்பனை அதன் பேச்சே அல்ல.

ஆனால் இந்தச் சந்தையில் நடக்கும் மற்ற வேலைகள் தெளிவான குற்றங்கள். பிறருடைய பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவும், கணினி அல்லது செல்போன் வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு 66டி பிரிவும் இருக்கின்றன. இரண்டிலும் 3 ஆண்டுவரை சிறையும் 1 லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு ஐடியைத் தராமல் போவது, கொடுத்த ஐடியைத் திரும்பப் பறிப்பது ஆகியவற்றுக்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 318ஆம் பிரிவான மோசடியும் பொருந்தும். ஹேக் செய்யப்பட்ட ஐடியை அது தெரிந்தே வாங்குபவரும் தப்பிக்க முடியாது.

பாஸ்வேர்டு, போன் எண் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். விற்றவர் எப்படித் திரும்ப எடுத்தார்?

இதுதான் என் கடையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி. பதிலும் கொஞ்சம் நீளம்.

முதலில் ஜிமெயில். அதன் மீட்பு எண்ணையோ மீட்பு மின்னஞ்சலையோ மாற்றினாலும், அடுத்த 7 நாட்களுக்குப் பழைய எண்ணுக்கும் பழைய முகவரிக்கும் சரிபார்ப்புக் குறியீட்டை அனுப்ப கூகுள் முன்வரலாம். கணக்கைத் திருடர்களிடம் பறிகொடுத்தவர்களைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு அது. விற்றவர் அதையே தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறார். இரவு பதினோரு மணிக்குப் பணம் வாங்கிக்கொண்டு, நீங்கள் எண்ணை மாற்றி, இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுத் தூங்கியதும், "என் கணக்கு திருடுபோய்விட்டது" என்று கூகுளிடம் முறையிடுகிறார். பழைய பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும். இத்தனை ஆண்டுகள் எந்தப் போனில், எந்த ஊரிலிருந்து நுழைந்தாரோ, அதே போனிலிருந்தும் அதே ஊரிலிருந்தும்தான் இப்போதும் கேட்கிறார். கூகுளின் கண்ணுக்கு அவர் உரிமையாளர். நேற்று புதிதாக வேறு ஊரிலிருந்து நுழைந்த நீங்கள்தான் திருடன்.

ஃபேஸ்புக் இன்னும் மோசம். கணக்கை மீட்க அடையாள அட்டையின் படம் அனுப்பும் வழி அங்கே உண்டு. கணக்கில் இருப்பது அவர் பெயர், அவர் முகம், அவர் பிறந்த தேதி. அட்டையும் அவரிடம்தான்.

மூன்றாவது வழி விளையாட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை. கணக்கைத் தொலைத்துவிட்டதாக ஒருவர் எழுதினால், எப்போது ஆடத் தொடங்கினீர்கள், எந்த நாட்டில், எந்த மாடல் போனில், முதலில் எதை வாங்கினீர்கள், அதன் ரசீது உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். இதற்குச் சரியான பதில் முதல் உரிமையாளரைத் தவிர யாருக்கும் தெரியாது. கூகுள் பிளே ரசீதுகளை அவர் ஏற்கெனவே தனியாக எடுத்து வைத்திருப்பார்.

இன்னொன்றும் நடக்கிறது. பிஜிஎம்ஐ போன்ற விளையாட்டுகளில் ஒரே கணக்குடன் ஒன்றுக்கு மேற்பட்ட லாகின்களை இணைக்கலாம். உங்களுக்கு ஜிமெயிலைக் கொடுத்துவிட்டு, எக்ஸ் தளத்தின் லாகினைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். கேட்டால் "அது டெட் லாகின், வேலை செய்யாது" என்பார். செத்தது உயிர்த்தெழுவதற்கு இரண்டு வாரம்கூட ஆகாது.

எத்தனை நாள் கழிந்தால் பயமில்லை?

அப்படி நாள் கணக்கு எதுவும் இல்லை. ஆறு மாதம் காத்திருந்து, புதியவர் தன் காசைப் போட்டு நாலு ஸ்கின் சேர்த்த பிறகு திரும்ப எடுத்து, கூடுதல் விலைக்கு மறுபடி விற்பவர்களும் இருக்கிறார்கள். அவசரக்காரர்களைவிடப் பொறுமைசாலிகள்தான் இதில் அதிகம் சம்பாதிக்கிறார்கள்.

நான் விற்பவன். பணம் கைக்கு வந்துவிட்டது. எனக்கு என்ன ஆபத்து?

விற்பவருக்கு ஆபத்தே இல்லை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. என்னைக் கேட்டால், சில வேளைகளில் வாங்குபவரைவிட அவர்தான் பெரிய குழியில் விழுகிறார். வாங்கியவர் இழப்பது கொடுத்த காசை மட்டும். விற்றவருக்கு வங்கிக் கணக்கே முடங்கிப் போகலாம்.

அது எப்படி என்று பாருங்கள். நீங்கள் சேலத்தில் இருந்துகொண்டு 6,000 ரூபாய்க்கு ஐடி விற்பனை என்று ஒரு டெலிகிராம் குழுவில் போடுகிறீர்கள். ஒருவர் பேசுகிறார். படங்களைக் கேட்கிறார், வீடியோ கேட்கிறார், விலைக்கு ஒப்புக்கொள்கிறார். அதே படங்களையும் வீடியோவையும் அவர் வேறொரு குழுவில் தன் ஐடி என்று போட்டு, மதுரைக்காரர் ஒருவரிடம் பேரம் முடிக்கிறார். பிறகு உங்களிடம் யுபிஐ க்யூஆர் கோடு கேட்டு வாங்கி, அதை மதுரைக்காரருக்கு அனுப்பிவிடுகிறார். மதுரைக்காரர் பணம் அனுப்புகிறார். உங்கள் கணக்கில் 6,000 ரூபாய் ஏறுகிறது. மனம் குளிர்ந்து லாகினை அந்த நடுவாளுக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். அவர் ஐடியோடு மறைந்துவிடுகிறார். மதுரைக்காரருக்கு எதுவும் கிடைப்பதில்லை. அவர் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுக்கிறார். யார் மேல்? பணம் போன வங்கிக் கணக்கின் மேல். அது உங்களுடையது.

அதற்குப் பிறகு நீங்கள் பெட்ரோல் பங்கில் நின்று பணம் அனுப்பும்போது, பரிவர்த்தனை தோல்வி என்று வரும். வங்கிக்குப் போனால், வேறு ஊர் சைபர் காவல் நிலையத்தின் கோரிக்கைப்படி கணக்கில் நிறுத்தம் போட்டிருப்பதாகச் சொல்வார்கள். புகாருக்குரிய தொகையை மட்டும் நிறுத்துவதும் உண்டு, முழுக் கணக்கையும் முடக்குவதும் உண்டு. இதற்கான அதிகாரம் குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 106ஆம் பிரிவில் இருக்கிறது. நிறுத்தத்தை நீக்க அந்தக் காவல் நிலையத்துக்கு எழுத வேண்டும், சில வேளை நீதிமன்றத்துக்கும் போக வேண்டும். சம்பளம் விழும் கணக்காக இருந்தால் அந்த மாதம் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வாங்குபவர் அனுப்பும் பணமே வேறொரு மோசடியில் பறித்த பணமாக இருந்தாலும் இதே கதைதான். பகுதிநேர வேலை, பங்குச் சந்தை என்று யாரிடமோ பிடுங்கிய பணத்தை இப்படிச் சின்னச் சின்னப் பொருள் வாங்கிக் கரைப்பவர்கள் இருக்கிறார்கள். அது எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கண்டுபிடிக்க வழியே கிடையாது.

ஜிமெயிலைத்தானே கொடுக்கிறேன், அதில் என்ன இருக்கிறது?

ஒரு கல்லூரி மாணவர் இதையே கேட்டார். விற்ற ஜிமெயில் அவருடைய பழைய போனில் இன்னும் திறந்தபடி இருந்தது. என் மேசையில் வைத்து இருவரும் பார்த்தோம். கூகுள் ஃபோட்டோஸில் அவருடைய ஆதார் அட்டையின் இரு பக்கங்கள், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், அக்காவின் வளைகாப்புப் படங்கள். தொடர்பு எண்களில் மொத்தக் குடும்பம். குரோமில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள், அவற்றில் ஒன்று கல்லூரி இணையதளத்துக்கு உரியது. இவ்வளவையும் மூவாயிரம் ரூபாய்க்கு, முகம் தெரியாத ஒருவரிடம் ஒப்படைத்திருந்தார்.

ஃபேஸ்புக் கணக்கை விற்றால் உங்கள் பெயரும் முகமும் சேர்ந்தே போகின்றன. நண்பர்களுக்கு "அவசரம், ஐயாயிரம் அனுப்பு, நாளை தருகிறேன்" என்று செய்தி போகும். போலீஸ் அந்தக் கணக்கைத் தேடினால் முதலில் கிடைப்பது அதைத் தொடங்கிய போன் எண். அந்த சிம் உங்கள் பெயரில் இருக்கிறது.

மிடில்மேன் வைத்துக்கொண்டால் பாதுகாப்புதானே?

இரு தரப்புக்கும் நடுவே நின்று, பணத்தையும் லாகினையும் வாங்கி, சரிபார்த்து மாற்றிக் கொடுப்பவருக்கு மிடில்மேன் என்று பெயர். பெரும்பாலும் குழுவின் அட்மின்தான் இந்த வேலையைச் செய்வார். நூறு ரூபாயோ, தொகையில் ஒரு பங்கோ கூலி.

அவர் நேர்மையானவர் என்றே வைத்துக்கொள்வோம். அவரால் உறுதிசெய்ய முடிவது, இன்றைக்கு லாகின் திறக்கிறது என்பதை மட்டுமே. அடுத்த வாரம் கூகுளிடம் போகும் முறையீட்டை அவர் எப்படித் தடுப்பார்? நடந்த பிறகு கேட்டால் "டீல் முடிந்துவிட்டது, இனி என் பொறுப்பு இல்லை" என்று கையை விரிப்பார். சொல்லப்போனால் அது நியாயமும்கூட.

நேர்மையற்றவராக இருந்தால் கேட்கவே வேண்டாம். பணமும் அவரிடம், லாகினும் அவரிடம். சின்னச் சின்ன வியாபாரங்களை மாதக்கணக்கில் ஒழுங்காக முடித்துக் கொடுத்துப் பெயர் சம்பாதித்துவிட்டு, பெரிய தொகை வரும் நாளில் குழுவையே கலைத்துவிட்டுப் போவது பழைய உத்தி.

இவர்கள் இருவரையும்விட நான் அதிகம் பார்ப்பது போலி அட்மினைத்தான். குழுவில் நீங்கள் "மிடில்மேன் வேண்டும்" என்று எழுதியதும் ஒரு நிமிடத்துக்குள் தனிச்செய்தி வரும். அட்மினின் அதே படம், அதே பெயர், அதே அறிமுக வரி. பயனர்பெயரில் மட்டும் ஓர் எழுத்து மாறியிருக்கும். ஆங்கிலத்தின் சிறிய எல் இருந்த இடத்தில் பெரிய ஐ இருக்கும். போன் திரையில் இரண்டும் ஒரே கோடுதான்.

வீடியோ அனுப்பினார், ஐடி எண்ணைத் தேடியும் பார்த்தேன், எல்லாம் உண்மையாக இருந்ததே?

விளையாட்டுக்குள் ஐடி எண்ணைப் போட்டுத் தேடினால் யாருடைய சுயவிவரமும் வரும். யூடியூபில் பிரபலமாக இருப்பவரின் எண்ணைத் தேடினாலும் வரும். அது அவருடைய ஐடி என்பதற்கு அத்தாட்சி ஆகாது. வீடியோவும் வேறொருவரிடம் வாங்கும் சாக்கில் பெற்றதாக இருக்கலாம், மேலே சொன்ன சேலம் மதுரைக் கதையைப் போல. "இப்போதே சுயவிவர வரியில் என் பெயரை எழுதிக் காட்டுங்கள்" என்று கேட்டால் பாதி மோசடிக்காரர்கள் நழுவிவிடுவார்கள், உண்மைதான். எழுதிக் காட்டிய மீதிப் பேரிடம் இந்த நிமிடம் லாகின் இருக்கிறது என்பது மட்டுமே உறுதி. அந்த லாகினும் திருடியதாக இருக்கலாம். இலவச டைமண்ட் (விளையாட்டுக்குள் செலவழிக்கும் காசு) தருவதாகச் சொல்லும் போலிப் பக்கங்களில் பாஸ்வேர்டை அடித்துக் கொடுத்த சிறுவர்களின் ஐடிகள் கடைசியில் இதே சந்தைக்குத்தான் வந்து சேர்கின்றன.

குழுவில் ஒட்டியிருக்கும் பாராட்டுகளைப் பற்றி ஒரே வார்த்தை: பத்து எண்கள் இருந்தால் பத்துப் பாராட்டுகள்.

பணம் அனுப்பும் நேரத்தில் என்ன தந்திரம் நடக்கும்?

விற்பவருக்குப் பொய்யான ஸ்கிரீன்ஷாட் வரும். பணம் போய்விட்டதாகக் காட்டும் போலிச் செயலிகளே இருக்கின்றன. பச்சை டிக், ஓசை, பரிவர்த்தனை எண் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். வந்த எஸ்எம்எஸ்ஸையும் நம்பாமல், வங்கிச் செயலியில் இருப்பைப் பார்த்தால் மட்டுமே பணம் வந்ததாக அர்த்தம். "பணம் பெற இந்தக் கோடை ஸ்கேன் செய்து பின் எண்ணை அடியுங்கள்" என்றால் உடனே பேச்சை முறித்துவிடுங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை.

வாங்குபவரிடம் "முதலில் பாதி, லாகின் வந்ததும் பாதி" என்பார்கள். முதல் பாதி வந்ததும் உங்களை பிளாக் செய்துவிட்டுப் போவார்கள். அல்லது ஏதோ ஒரு ஏபிகே கோப்பை (ஆப் கடைக்கு வெளியே கிடைக்கும் செயலிக் கோப்பு) அனுப்பி, ஐடியைச் சரிபார்க்க நிறுவச் சொல்வார்கள். திரையைப் பகிரும் செயலியைப் போடச் சொல்வதும் உண்டு. இங்கே குறி ஐடியின் விலையல்ல, உங்கள் வங்கிக் கணக்கு.

பாதி விலைக்கு டைமண்ட், யூசி, ஜெம் போன்ற விளையாட்டுக் காசுகளைப் போட்டுத் தருகிறார்களே?

நிறுவனம் விற்கும் பொருளை நிறுவனத்தைவிடப் பாதி விலைக்கு ஒருவர் எப்படி விற்கிறார் என்று யோசித்தால் போதும். திருடிய கார்டில் வாங்கியதாக இருக்கும், இல்லையென்றால் வாங்கியபின் பணத்தைத் திரும்பக் கேட்பார். தான் செய்யாத பரிவர்த்தனை என்று கூகுள் பிளேயில் முறையிட 120 நாள் அவகாசம் இருக்கிறது. அப்படிப் பணம் திரும்பிப் போனால் நிறுவனம் சும்மா இருக்காது. கிளாஷ் ஆஃப் கிளான்ஸில் ஜெம் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போய், கழித்தல் குறியோடு நிற்கும். அந்தக் கடனை அடைக்க வேண்டியவர் கணக்கை இப்போது வைத்திருப்பவர்.

ஐடி வாங்கியவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. விற்றவர் தன் கடைசி மாதச் செலவுகளையெல்லாம் "நான் வாங்கவில்லை" என்று சொல்லிப் பணத்தைத் திரும்ப வாங்கினால், அடி உங்கள் தலையில் விழும்.

நிறுவனத்துக்கு எப்படித் தெரியப்போகிறது?

நேற்றுவரை ஒரு போனில், ஓர் ஊரில் ஓடிய கணக்கு இன்று வேறு போனில், வேறு மாநிலத்தில் ஓடுகிறது, பாஸ்வேர்டும் மின்னஞ்சலும் அதே நாளில் மாறியிருக்கின்றன என்றால், அதைக் கவனிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை. எல்லோரையும் பிடிக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிடித்தால் முறையிட இடமில்லை. கணக்கு என்னுடையது என்று வாதாடவே முடியாது, ஏனென்றால் வாங்கினேன் என்று சொல்வதே விதியை மீறியதற்கான ஒப்புதலாகிவிடும்.

விற்றவர் முன்பு ஆட்டத்தில் ஏமாற்றி ஜெயிக்க உதவும் ஹேக் செயலி பயன்படுத்தியிருந்தால் அதற்கான தண்டனையும் கூடவே வரும். பப்ஜி மொபைலில் 10 ஆண்டுத் தடை வழக்கமான ஒன்று. சில விளையாட்டுகளில் போனையே தடை செய்கிறார்கள். பிறகு அந்தப் போனில் எந்த ஐடியும் திறக்காது. பழைய போன் வாங்குபவர்களும் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அரசு விளையாட்டையே தடை செய்துவிட்டால்?

நடந்திருக்கிறது. 2020 செப்டம்பர் 2ஆம் தேதி பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் போனது, மேக்ஸ் பதிப்பு மட்டும் தப்பியது. அதே ஆண்டு ஜூலையில் பிஜிஎம்ஐ ஆப் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம்தான் திரும்பியது. ஒவ்வொரு முறையும் பல்லாயிரம் ரூபாய் மதிப்புச் சொல்லப்பட்ட ஐடிகளின் கதி ஒரே இரவில் கேள்விக்குறியானது.

என் மகனுக்கு வயது 14. எங்களுக்குத் தெரியாமல் ஐடி வாங்கியிருக்கிறான். என்ன செய்வது?

முதலில் அடிக்காதீர்கள். அடி வாங்கும் பையன் அடுத்த முறை ஏமாறும்போது உங்களிடம் சொல்லாமல், பணத்தை மீட்க இன்னொரு மோசடிக்காரனைத் தேடிப் போவான்.

சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும், 1903இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அளித்த மோகரி பீபி வழக்குத் தீர்ப்பும் இதற்கு அடிப்படை. ஆனால் எதிராளியின் உண்மையான பெயரே தெரியாதபோது அந்தத் தீர்ப்பை யாரிடம் காட்டுவது?

நடைமுறையில் செய்ய வேண்டியது வேறு. பணம் யாருடைய யுபிஐயிலிருந்து போனது என்று பாருங்கள். பெரும்பாலும் அம்மாவின் போன். பின் எண்ணை மாற்றுங்கள், கூகுள் பிளேயில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி அமையுங்கள். வாங்கிய ஐடி யாரோ பெரியவருடைய கணக்கு என்றால் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. பிஜிஎம்ஐ 2021இல் வந்தபோதே 18 வயதுக்குட்பட்டோருக்கு நாளுக்கு 3 மணி நேரம், 7,000 ரூபாய் என்ற வரம்புகளோடு வந்தது. பெரியவர் கணக்கில் நுழையும் பையனுக்கு அந்த வரம்பு எதுவும் பொருந்தாது. பல பையன்கள் வாங்குவதற்கு ஸ்கின்னைவிட இதுவே காரணம் என்பது என் சந்தேகம்.

விற்றவர் உங்கள் மகனிடம் தொடர்ந்து பேசிக்கொண்டிருக்கிறாரா, படம் கேட்கிறாரா, வீட்டு விவரம் கேட்கிறாரா என்பதையும் பாருங்கள். கேட்டிருந்தால் இது வெறும் பண விஷயம் அல்ல. சிறுவர்களுக்கான 1098 உதவி எண்ணும் நினைவில் இருக்கட்டும்.

ஏமாந்துவிட்டேன். இப்போது என்ன செய்யலாம்?

நேரம்தான் முக்கியம். உடனே 1930க்கு அழையுங்கள். பணம் எதிராளியின் கணக்கிலிருந்து வேறிடத்துக்குப் போவதற்குள் நிறுத்த முடிந்தால் மட்டுமே திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. பணம் அனுப்பிய வங்கி, தொகை, நேரம், யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். மாவட்டந்தோறும் சைபர் குற்றக் காவல் நிலையம் இருக்கிறது, நேரிலும் போகலாம்.

கோபத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள். எதிராளி தன் பக்கச் செய்திகளை இரு தரப்பிலும் அழிக்கும் வசதி டெலிகிராமில் உண்டு, ஆகவே முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். காட்சிப் பெயரை மட்டும் படம் பிடித்தால் போதாது. அது மாறிவிடும். பயனர்பெயர், போன் எண், யுபிஐ முகவரி, பணம் அனுப்பும்போது திரையில் வந்த வங்கிப் பெயர் எல்லாம் தெரிய வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் போலீசுக்கு உண்மையில் பயன்படும்.

வேறு கணக்குகளில் அதே பாஸ்வேர்டு இருந்தால் மாற்றுங்கள். ஏபிகே எதையாவது நிறுவியிருந்தால் போனின் இணையத்தை முதலில் துண்டித்துவிட்டு, வங்கியை வேறு போனிலிருந்து அழையுங்கள்.

பிறகு ஒருவர் வருவார். "நான் எதிக்கல் ஹேக்கர், உங்கள் ஐடியை மீட்டுத் தருகிறேன், ஆயிரம் ரூபாய் முன்பணம்" என்பார். உங்கள் புலம்பலை அதே குழுவில் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். பெரும்பாலும் முதலில் ஏமாற்றியவரேதான், வேறு எண்ணில்.

புகார் கொடுத்தால் நானும் மாட்டுவேனா?

உங்கள் சொந்தக் கணக்கை விற்றீர்கள், அல்லது காசு கொடுத்து வாங்க முயன்றீர்கள் என்பதற்காகக் காவல் துறை உங்கள்மேல் பாயாது. விளையாட்டு நிறுவனம் கணக்கை மூடலாம், அதற்கு வாய்ப்பு உண்டு. "கேமுக்குப் போய் இவ்வளவு பணமா?" என்ற ஏளனத்தை எதிர்பார்த்துக்கொண்டு போங்கள். மோசடி மோசடிதான், தொகை சின்னது என்பதால் புகாரை வாங்க மறுக்கக் கூடாது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். "பழைய போன் வாங்கினேன்" என்று கதை கட்டினால், உங்கள் ஸ்கிரீன்ஷாட்டே உங்களுக்கு எதிராக நிற்கும்.

காசில்லாமல் தம்பிக்கோ நண்பனுக்கோ கொடுக்கலாமா?

விதிப்படி அதுவும் கூடாது. வீட்டுக்குள் அண்ணன் ஐடியில் தம்பி ஆடுவதை யாரும் தேடி வரப்போவதில்லை. நண்பனுக்குக் கொடுப்பது வேறு. நட்பு முறிந்த மறுநாள் ஐடிச் சண்டை தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சண்டையில் இரு பக்கமும் நியாயம் இருக்கும், இரு பக்கமும் உரிமை இருக்காது.

ஆட்டத்தையே விட்டுவிட்டேன். ஐடியை என்ன செய்வது?

கார்டும் யுபிஐயும் இணைந்திருந்தால் துண்டித்துவிடுங்கள். தானாகப் புதுப்பிக்கும் மாதச் சந்தா ஏதாவது ஓடுகிறதா என்று கூகுள் பிளேயின் சந்தாப் பகுதியில் பாருங்கள். ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது, தனியாக நிறுத்த வேண்டும். முற்றிலும் வேண்டாம் என்றால் விளையாட்டின் அமைப்புகளில் கணக்கை நீக்கக் கோரும் வழி இருக்கும். நீக்கியபின் திரும்ப வராது.

என்றாவது ஆடலாம் என்ற எண்ணம் இருந்தால், அதனுடன் இணைத்த போன் எண்ணைக் கவனியுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்டுச் செயலிழந்த எண்ணை 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்கு ஒதுக்கலாம், ஓடிபி அவருக்குப் போகும். எண் மாறியிருந்தால் ஜிமெயிலில் இன்றே மாற்றிவிடுங்கள். இரண்டு ஆண்டுகள் யாரும் நுழையாத ஜிமெயில் கணக்கைக் கூகுள் நீக்கக்கூடும். ஆகவே பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஒருமுறை அதைத் திறந்து பார்த்துவிட்டால் போதும்.